மருத மரத்து மஞ்சள் கோடு

எங்கள் முற்றத்து மருத மரத்தில், என் முழங்கால் உயரத்தில், ஒரு மஞ்சள் கோடு இருக்கிறது. விரல் அகலம்தான். காலையில் பூசைக்குப் பூப்பறிக்கப் போகும்போதெல்லாம் கண் அதில்தான் போய் விழுகிறது. அதைப் போட்டவர் எங்கள் வீட்டை வடிவமைத்த என்ஜினியரம்மா.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். அம்பாசமுத்திரத்தில் பழக்கடை வைத்துப் பிழைத்தவன். என் வீட்டுக்காரிக்கு மூச்சிரைப்பு. காற்று நுழையாத வாடகை வீடுகளிலேயே அவளுக்குப் பாதி வயது போய்விட்டது என்றுதான் வாய்க்கால் ஓரம் இந்த மனையை வாங்கினேன். மற்றவர்கள் ஒரே வாரத்தில் பிளான் போட்டுக் கொடுப்பார்கள். இந்த அம்மாவோ ஒரு வருஷம் வரைக்கும் தாளில் பேனா வைக்கவில்லை. சாரல் காலத்தில் வந்தார், சித்திரை உச்சி வெயிலில் வந்தார், ஐப்பசி மழையில் குடையோடு வந்து நின்றார். பழைய சேலையைக் கிழித்து மூங்கில் கம்புகளில் கட்டி நட்டுவைத்து, காற்று எந்தப் பக்கம் வருகிறதென்று மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருப்பார். "வீடு கட்ட வந்தாளா, காக்கா வெரட்ட வந்தாளா?" என்று என் வீட்டுக்காரி அவர் காதுபடவே சிரிப்பாள். "மதினி மூச்சு விடத்தான இந்த வீடு? காத்துட்ட கேக்காம வேற யார்ட்ட கேக்க?" என்பார் அவர்.

மரத்தை வெட்டாமல் வீட்டைக் கொஞ்சம் திருப்பிப் போட்டார். மலைக்காற்று வரும் பக்கம் பெரிய சன்னல்கள். பழைய வெள்ளம் எதுவரை ஏறியது என்று வயல்காரர்களிடம் விசாரித்து, மரத்தில் அந்தக் கோட்டைப் போட்டு, வீட்டுத் தரையை அதற்கு ஒரு சாண் மேலே வைத்தார். வாய்க்கால் உடைந்தால் தண்ணீர் மனைக்குள் வரத்தான் செய்யும், வந்தது தங்காமல் தாழ்ந்த வயலுக்கு இறங்கிவிட வேண்டும் என்று, சுற்றுச்சுவரின் தென்மேற்கு மூலையில் அகலமாக வழி விட்டார்.

தென்மேற்கு என்றால் கன்னி மூலை, வாஸ்துப்படி அங்கே திறப்பு ஆகாது என்பார்கள். குடிபோகும் பால் காய்ப்புக்குப் பத்து நாள் முன்பு வந்த என் மச்சினன் அதைப் பார்த்துப் பதறிவிட்டான். "அத்தான், கன்னி மூலையில இம்புட்டுப் பெரிய ஓட்டையா? அக்கா ஒடம்புக்கு ஆகுமா?" அந்தக் கடைசிக் கேள்வியில் நான் விழுந்தேன். அரை நாளில் கொத்தனார் வழியை அடைத்தார். அடைத்த இடத்தில் ஒரு மாடம் கட்டிப் பிள்ளையாரை வைத்தேன். பிள்ளையாரை எடு என்று யார் சொல்வார்கள்?

பால் காய்ப்பன்று என்ஜினியரம்மா நேரே அங்குதான் போய் நின்றார். "அண்ணாச்சி, வழிய அடச்சிட்டீயளா?"

"அடியில பெரிய கொழாய் பதிச்சிருக்கும்மா" என்றேன். குழாயும் இல்லை, ஒன்றும் இல்லை. அருகம்புல் மாலையோடு பிள்ளையார் எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தார். என்ஜினியரம்மா என்னை நம்பி, பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

குடிவந்த இரண்டாவது கார்த்திகையில் வாய்க்கால் உடைந்தது. விடிந்து பார்த்தால் தண்ணீர் கோட்டைத் தாண்டி, வீட்டுக்குள் கணுக்கால் அளவு நின்றது. என் வீட்டுக்காரியை நாற்காலியில் வைத்துத்தான் தூக்கிப் போனோம். சுவரில் ஏறிய ஈரம் மாதக்கணக்கில் காயவில்லை. மூச்சு விடக் கட்டிய வீட்டில் அவளுக்கு இரைப்பு இரண்டு மடங்கானது.

கடையில் கேலி கிளம்பியது. "காத்தப் பாத்தாளாம், மரத்தப் பாத்தாளாம், தண்ணியப் பாக்கலியே வே!" நான் பழத்தை எடுத்துக் கொடுத்துக்கொண்டு சும்மா இருந்தேன். அவரிடம் வீடு கட்டக் கேட்டிருந்த ஒரு வாத்தியார் வேறு ஆளிடம் கொடுத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அப்போதும் சும்மாதான் இருந்தேன்.

ஒருநாள் என்ஜினியரம்மா அளவு டேப்போடு வந்தார். சுவரின் உள்பக்கம் வெள்ளக் கறையை அளந்தார். வெளியே போய் அதே சுவரின் வயல் பக்கத்தையும் அளந்தார். அங்கே கறை இரண்டடி தாழ்வாக இருந்தது; வெள்ளம் இறங்க வழியில்லாமல் உள்ளேயே அடைபட்டு நின்றிருக்கிறது. குழாயைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. டேப்பைச் சுருட்டிக்கொண்டு, "மதினிக்கு இப்ப எப்படி இருக்கு?" என்றார். போய்விட்டார்.

அன்று சாயங்காலம் விளக்கேற்றும்போது என் வீட்டுக்காரி இரைப்போடு இரைப்பாகச் சொன்னாள்: "பிள்ளையார் முன்னால பொய் சொன்னீய, நானும் கேட்டுட்டுத்தான் நின்னேன். இப்ப ஊர் முன்னால வாய மூடிட்டு இருக்கீய. ரெண்டுல எது பெரிய பாவம்னு அவர்ட்டயே கேளுங்க."

மறுநாள் மன்னிப்புக் கேட்டுப் பிள்ளையாரை மருத மரத்தடிக்கு மாற்றினேன். அடைத்த சுவரை நானே கடப்பாரையால் இடித்தேன். வழியை அடைத்தது நான்தான் என்று கடைக்கு வந்தவரிடமெல்லாம் சொன்னேன். சிலர் நம்பினார்கள், சிலருக்கு அந்தக் கேலிதான் ருசியாக இருந்தது. வாத்தியார் வீட்டுக்கு அதற்குள் அஸ்திவாரம் போட்டாயிற்று. என்ஜினியரம்மாவும் வெளியூருக்கு வேலை தேடிப் போய்விட்டிருந்தார். போனில் கூப்பிட்டு, குழாய் வைக்கவில்லை என்று சொன்னேன்.

"தெரியும் அண்ணாச்சி. அன்னைக்கே அளந்தேம்லா" என்றார். பிறகு, "மதினி சன்னலத் தெறந்து வைக்காவளா?" என்று கேட்டார்.

வைக்கிறாள். அதற்குப் பிறகும் ஒரு மழைக்கு வாய்க்கால் உடைந்தது. தண்ணீர் கோட்டுக்கு நாலு விரல் கீழே நின்று, விட்ட வழியில் வயலுக்கு இறங்கிப் போனது. பார்த்துக்கொண்டு நின்ற எனக்குச் சந்தோஷம் வரவில்லை, அசதிதான் வந்தது.

பட்டை உரிய உரியக் கோடு மங்குகிறது. வருஷம்தோறும் ஐப்பசி பிறக்குமுன் மஞ்சள் பெயிண்ட் எடுத்துக்கொண்டு மரத்தடியில் குந்துகிறேன். முழங்கால் வலிக்கிறது. அவர் போட்ட மட்டத்துக்கு மேலே போகாமல், கீழே இறங்காமல், பைய இழுக்கிறேன்.