வட்லியின் முழங்கால்

போன மாதம் வவுனியாவில் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். மருமகன் மடிக்கணினியில் ஓர் உதைபந்தாட்டக் கழகம் நடத்திக்கொண்டிருந்தான். விளையாடவில்லை, நடத்திக்கொண்டிருந்தான். ஆளை வாங்குவது, விற்பது, ஆரை இறக்குவது, ஆரை வெளியே வாங்குப் பலகையில் இருத்துவது என்று முடிவெடுப்பதுதான் அந்த விளையாட்டு. திரையில் ஒரு பெடியனின் முகம் தெரிந்தது. சுருட்டை முடி, மூக்கடியில் ஒரு மச்சம்.

"ஆரடா இது?"

"இவன் உண்மையான ஆள் இல்லை மாமா. கேம் தானா உருவாக்கினவன்."

சொல்லி வாய் மூடவில்லை, கரண்ட் போய்விட்டது. பக்கத்துக் கடைக்காரர் ஜெனரேற்றரைக் கயிறு போட்டு இழுத்தார். புகை யன்னலால் வந்தது. மருமகன் மூக்கைப் பொத்தினான். நான் நெஞ்சு நிறைய இழுத்தேன். தங்கச்சி என்னைப் பார்த்த பார்வையில் 'அண்ணைக்கு விசர் முத்திப்போச்சு' என்று எழுதியிருந்தது. அவளுக்கு என்ன தெரியும்? அந்தப் புகைக்குள்தான் என் வாழ்க்கையில் சில வருசங்கள் கிடக்கின்றன.

எங்கள் ஜெனரேற்றர் மண்ணெண்ணெயில் ஓடியது. இழுத்துவிட மட்டும் ஒரு மூடியளவு பெற்றோல், பிறகு முழுக்க மண்ணெண்ணெய். கண் எரியும், சாப்பாட்டிலும் மணக்கும். புதுக்குடியிருப்பில் ஒரு வெளிநாட்டு உதவி நிறுவனத்தின் கந்தோர் அது. சண்டைக்குப் பயந்து கிளிநொச்சியை விட்டு எல்லாரும் வெளிக்கிட்ட காலத்தில் அம்மாவும் தங்கச்சியும் வவுனியாவுக்குப் போய்விட்டார்கள். எனக்கு இந்தக் கந்தோரில் வேலை கிடைத்திருந்ததால் நின்றுவிட்டேன். "ரெண்டு கிழமையிலை வாறன் அம்மா" என்று சொல்லித்தான் நின்றேன். பாதை பூட்டினது, திறந்தது, திரும்பப் பூட்டினது. வன்னியை விட்டு வெளியேறப் பாஸ் கேட்டால் நாளைக்கு வா என்றார்கள். அந்த இரண்டு கிழமை வருசங்களாக நீண்டது.

எத்தனை கிணறு, எத்தனை மலசலகூடம் என்று கொம்பியூட்டரில் அடிப்பதுதான் என் வேலை. பின்னேரம் ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரைக்கும் ஜெனரேற்றர் ஓடும். மற்றவர்கள் நாலரைக்கே சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். எனக்குக் கந்தோரின் பின்னறைதான் வீடு. கணக்கு அடிக்க அரை மணித்தியாலம் போதும். மிச்ச நேரத்துக்கு என்ன செய்வது? சுவரைப் பார்த்துக் கதைக்கத் தொடங்கியிருந்தேன் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள், உண்மைதான்.

கிணறு தோண்ட வந்த ஒரு வெள்ளைக்கார இஞ்சினியர்தான் அந்த விளையாட்டைக் கொம்பியூட்டரில் போட்டவர். அவருக்கும் என்னைப் போலப் பின்னேரங்கள் நீளமாகத்தான் இருந்திருக்கும். மாறுதலாகிப் போகும்போது தன் ஓட்டைத் தமிழில், "பெடியளைப் பாத்துக்கொள்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் பள்ளிக்கூடத்தில் பந்து பொறுக்கிப் போட்டவன். கோலடித்ததே ஒரு தடவைதான், அதுவும் எங்கள் வலைக்குள்ளேயே. அப்படிப்பட்டவன் இங்கிலாந்தில் ஏதோ ஒரு கடலோர ஊரின் கழகத்துக்கு முகாமையாளர் ஆனேன்.

படம் ஒன்றும் இல்லை. எல்லாம் எழுத்து. பந்து நடுவால் போகிறது, அடிக்கிறான், கோல்கீப்பர் பிடிக்கிறார் என்று வரிவரியாக வரும். அங்கே ஒரு வருசம் போக இங்கே மூன்று நாலு மாதம் பிடிக்கும். நாங்கள் சவர்க்காரத்துக்கும் பற்றரிக்கும் வரிசையில் நின்றபடி அதே இடத்தில் கிடக்க, அங்கே வருசங்கள் கடகடவென்று ஓடின. உண்மையான ஆட்டக்காரர் எல்லாம் வயதாகி ஒவ்வொருவராக விலகிப் போனார்கள். அவர்களுக்குப் பதிலாகக் கொம்பியூட்டர் தானே பேர் வைத்து, பிறந்த தேதி வைத்து, புதுப் பெடியங்களை அனுப்பத் தொடங்கியது.

அப்படி வந்தவன்தான் பீட்டர் வட்லி. பதினாறு வயசு, கோல்கீப்பர்.

உண்மையான ஆட்டக்காரர்களில் எனக்குப் பெரிய ஒட்டு இல்லை. அவர்களுக்கு எங்கேயோ தாய் தகப்பன் இருந்தார்கள், பேப்பரில் படம் வந்தது. வட்லிக்கு அந்தப் பெட்டியை விட்டால் ஓரிடமும் இல்லை, என்னை விட்டால் ஒருத்தரும் இல்லை. எட்டு மணிக்கு ஜெனரேற்றரை நிற்பாட்டினால் அவனும் இல்லை. எண்ணெய் முடியப்போகும்போது ஜெனரேற்றர் இருமத் தொடங்கும். அந்த இருமலுக்கும் இருட்டுக்கும் நடுவில் ஓடிப்போய் ஆட்டத்தைச் சேமிக்க வேண்டும். பிந்தினால் அவன் அன்றைக்குப் பிடித்த பந்தெல்லாம் பிடிக்காத பந்தாகிவிடும். நான் ஒருநாளும் பிந்தவில்லை. ஒருநாள் வெறுங்காலோடு ஓடிக் கதிரைக் காலில் பெருவிரல் நகத்தைப் பிய்த்துக்கொண்டேன், ஆனால் சேமித்துவிட்டேன்.

வட்லி வளர்ந்தான். பத்தொன்பது வயசில் முதல் கோல்கீப்பர், இருபத்திரண்டில் அணித்தலைவன். பெரிய கழகங்கள் கேட்டன, நான் விற்கவில்லை. அவனும் போக வேண்டும் என்று ஒருதரம்கூடக் கேட்கவில்லை. நான் அறிந்த எல்லாரும் எங்கேயோ போய்க்கொண்டிருந்த காலம் அது. கொழும்புக்கு, கனடாவுக்கு, இயக்கத்தோடு காட்டுக்கு. இவன் ஒருத்தன் நின்றான். எனக்கு அது போதுமாக இருந்தது.

பிறகு ஒருநாள் அந்த வரி வந்தது. வட்லிக்கு முழங்காலில் கடும் காயம். இனி விளையாடுவானோ என்பதே சந்தேகம் என்று வைத்தியர் சொல்கிறார்.

நான் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

கந்தோரில் சமைத்தவர் பாக்கியமக்கா. மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து எழுபத்தேழுக் கலவரத்துக்குப் பிறகு வன்னிக்கு வந்தவர். எனக்கு இராச்சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்குப் போய்விடுவார். காலையில் வந்து பார்க்க, மூடினது மூடினபடி இருந்தது.

"என்னா தம்பி, சோத்தத் தொடவே இல்ல?"

"ஒண்டுமில்லை அக்கா. வட்லிக்குக் கால் போச்சு."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஒருத்தரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது.

அக்காவின் கையிலிருந்த அகப்பை அப்படியே நின்றது. "ஐயோ அம்மா! மெதிவெடியா தம்பி?"

கால் என்றால் மிதிவெடி. எங்கள் ஊரில் வேறு எதை நினைப்பது? "இல்லை அக்கா, முழங்காலிலை அடி" என்றேன். "சின்ன வயசா?" என்றார். "இருபத்தஞ்சு." "கல்யாணம் கட்டிட்டானா?" "இல்லை." அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். மேலே சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அது வைகாசி மாதம். அடுத்த திங்கட்கிழமை வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோயில் பொங்கல். சனம் றோட்டு வழியே கூட்டம் கூட்டமாக நடந்துபோகும். அக்காவும் போனார். செவ்வாய் வந்து என் கையில் விபூதிப் பொட்டலத்தை வைத்தார்.

"இத எப்பிடியாச்சும் அந்தப் புள்ளைக்கு அனுப்பி வையி தம்பி. நேந்துக்கிட்டு வந்திருக்கேன். வட்லி எந்திரிச்சு ஓடுனான்னா அடுத்த பொங்கலுக்கு அவன் பேருல வத்தாப்பளையில பொங்கி, கண்ணகியம்மாவுக்கு ஒரு காலுரு வாங்கிப் போடுறேன்னு."

கண்ணகை அம்மன் விளையாட்டான அம்மன் இல்லை. கடல் தண்ணியிலே விளக்கெரிக்கிற தெய்வம். அன்றைக்குப் பின்னேரம் அக்காவை மறித்து, கொம்பியூட்டருக்கு முன்னால் இருத்தி, விசயத்தைச் சொன்னேன். வட்லி ஆள் இல்லை, விளையாட்டு, மிஷின் உண்டாக்கின பேர்.

அக்கா எழும்பிக் குசினிக்குப் போனார். குசினியில் சட்டி பானை விழுந்த சத்தம் றோட்டுக்குக் கேட்டிருக்கும். திரும்பி வந்தார்.

"அம்மனுக்கு முன்னால இல்லாதவன் பேரச் சொல்ல வச்சிட்டியேடா பாவி! இனி என்னத்தச் சொல்லி நேந்தத மாத்துறது? மாத்த முடியுமா? எங்க அவன்? காட்டு!"

காட்டினேன். பேர், வயசு, பிறந்த தேதி, பக்கத்தில் காயம் என்று ஒரு சிவப்பு அடையாளம். ஒரே ஒரு வரி. அக்கா மூக்கு திரையில் முட்டுமளவுக்குக் குனிந்து பார்த்தார்.

"மூஞ்சியே இல்ல?"

"இல்லை அக்கா. இந்த வரிதான் அவன்."

கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஒல்லியாத்தான் இருக்கான்" என்றார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அந்தக் கந்தோரில் ஒருத்தர் என்னோடு சேர்ந்து அந்த வரியைப் பார்த்தது அன்றைக்குத்தான் முதல்.

அதற்குப் பிறகு அக்கா பின்னேரங்களில் வேளைக்கு வீட்டுக்குப் போவதை விட்டுவிட்டார். சுளகும் அரிசியுமாக வந்து எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருப்பார். கல் பொறுக்கியபடி, "இன்னிக்கி எறங்குறானா?" என்பார். "இல்லை அக்கா, இன்னும் நோவு இருக்கு." "கால ஊனச் சொல்லாத. அவசரப்படுத்தாத." வேறு கதையும் வரும். தோட்டத்து லயத்துக் குளிர், கட்டிக்கொடுத்த மகள், வவுனியாவில் இருக்கும் என் அம்மா வைக்கும் சொதி. ஜெனரேற்றர் இருமினால், "சேமி தம்பி, சேமி!" என்று என்னை முந்திக்கொண்டு கத்துவார். விபூதிப் பொட்டலம் கொம்பியூட்டருக்கு மேலே இருந்தது. நான் எடுக்கச் சொல்லவில்லை.

மாரி தொடங்கும் நேரத்தில் சிவப்பு அடையாளம் இல்லாமல் போனது. வட்லியை இறக்கினேன். தொண்ணூறாவது நிமிசத்தில் எதிராளி அடித்த பந்தைப் பிடித்தான். அக்கா சுளகோடு எழும்பிவிட்டார். அரிசி நிலமெல்லாம் கொட்டுண்டது. இரண்டு பேருமாகக் குந்தியிருந்து பொறுக்கினோம்.

இனி நேர்த்திக்கடன். "நீதான் வந்து பொங்கணும், ஒன் சிநேகிதன்தானே" என்று அக்கா சொல்லிவிட்டார். அதற்கு முதல் அர்ச்சனைக்கு நட்சத்திரம் வேண்டும். புதுக்குடியிருப்புச் சந்தைக்குப் பின்னால் ஒரு சாத்திரியார் இருந்தார். பிறந்த தேதியைக் கொடுத்தேன்.

"பிறந்த இடம்?"

"இங்கிலாந்து."

"வெளிநாட்டுப் பொடியனோ? கலியாணப் பேச்சோ?"

"சும்மா பாக்கத்தான்."

"பிறந்த நேரம்?"

கொம்பியூட்டர் அதைச் சொல்லவில்லை. "பின்னேரம்" என்று அடித்துவிட்டேன். ஆறுக்கும் எட்டுக்கும் நடுவில்தானே அவன் உயிரோடு இருப்பான். சாத்திரியார் பஞ்சாங்கத்தைப் புரட்டி, "விசாகம்" என்றார். கேட்காமலே, செவ்வாய் குற்றம் இருக்கு, கலியாணம் பிந்தும் என்றும் சொன்னார். அக்காவிடம் சொன்னேன். "அதான் பாரு" என்றார், எல்லாம் சரியாகப் பொருந்திவிட்ட மாதிரி.

பொங்கலுக்கு நடந்து போனோம். காலுரு என்பது விரலளவு தகரக் கால். வட்லிக்கு எந்தக் கால் என்று விளையாட்டில் சொல்லியிருக்கவில்லை. "ரெண்டையும் போடு" என்றார் அக்கா. எனக்குப் பொங்கத் தெரியாது. அக்கா பின்னால் நின்று திட்டத் திட்ட அடுப்பை மூட்டி, புகை குடித்து, அரிசியைப் போட்டேன். பால் பொங்கி வழிந்ததும் ஆயிரம் சனத்துக்கு நடுவில் அக்கா என் தோளில் அடித்துச் சிரித்தார். பூசகர் பேரும் நட்சத்திரமும் கேட்டார். "வட்லி, விசாகம்" என்றேன். அவர் கண் வெட்டாமல் சொல்லிப் பூப்போட்டார். வீட்டை விட்டு வந்த பிறகு நான் தனியாள் என்ற நினைப்பே வராத ஒரே நாள் அதுதான்.

அதற்கடுத்த வருசம் எனக்குப் பாஸ் கிடைத்தது. அம்மாவுக்குச் சுகமில்லை, போகாமல் இருக்க முடியாது. வட்லிக்கு அப்போது முப்பது. கடைசிப் பின்னேரம் சேமித்து நிற்பாட்டினேன். அக்கா கொம்பியூட்டருக்குத் துணி போர்த்தினார். "நீ போயிட்டு வா தம்பி. நான் பாத்துக்கிறேன் அவன." "ரெண்டு கிழமையிலை வாறன் அக்கா" என்றேன். எத்தனையாம் தரம் அந்தச் சொல்!

திரும்பிப் போகவில்லை. அம்மா, வேலை, பிறகு கலியாணம், பிறகு சண்டை. இப்போது அந்தக் கந்தோர் நின்ற இடத்தில் பற்றைக்காடு. கொம்பியூட்டர் எங்கே போனதென்று அறியக் கிடைக்கவில்லை. முகாம்களில் அக்காவைத் தேடினேன். கடைசிச் சண்டை நேரம் மாத்தளனில் கண்டதாக ஒருத்தர் சொன்னார். மகளோடு மலைநாட்டுக்கே திரும்பிவிட்டதாக இன்னொருத்தர் சொன்னார். இரண்டாவது ஆள் சொன்னதை நம்புவதற்கு நான் நிறையப் பாடுபட்டிருக்கிறேன்.

இந்த வைகாசியில் தங்கச்சி குடும்பத்தோடு வற்றாப்பளைக்குப் போனேன். வரிசையில் நின்று அர்ச்சனைத் தட்டை நீட்டினேன்.

"பேர்?"

"பாக்கியம்."

"நட்சத்திரம்?"

அத்தனை பின்னேரங்கள் பக்கத்தில் இருந்தவர். அவருடைய நட்சத்திரத்தை நான் ஒருநாளும் கேட்டதில்லை. பின்னால் சனம் நெருக்கியது. பூசகர் திரும்பக் கேட்டார். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்.

"விசாகம்" என்றேன்.