நாலரை மணிக்கு வண்டி இங்கேயே நிற்கும்

எங்கள் அத்தான் சுற்றுலா வேன் ஓட்டுகிறவர். இருபத்திரண்டு வருடமாகக் கலங்கரை விளக்கம், காயல், பாறை முனை என்று ஊரார் குடும்பங்களை எல்லாம் சுற்றிக்காட்டுகிறார். கடைசி வளைவில், கண்ணை ரோட்டில் வைத்துக்கொண்டே மைக்கில் சொல்வார்: "இடது பக்கம் பாருங்க, கடல் மூணு நிறத்துல தெரியும்." முதலாளி எழுதிக்கொடுத்த வசனம் அது. எங்கே நிழல் விழும், எந்தக் கல்லில் இடித்தால் பம்பர் போகும், எல்லாம் அவருக்கு அத்துப்படி. இடத்தை மட்டும் பார்த்ததில்லை. வண்டியை விட்டு இறங்கினால்தானே?

அக்காவுக்கு அது ஆறாத குறை. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதையாக, அவள் பாறை முனையைப் பார்த்தது மளிகைக்கடை காலண்டரில். "ஒரே ஒரு தடவை அந்த மனுஷன் பக்கத்துல நின்னு அந்தக் கடலைப் பார்க்கணும்டி" என்பாள். நகை கேட்டாளா, நட்டு கேட்டாளா? எனக்கே வயிறு எரியும்.

போன மாதம் ஒரு புதன்கிழமை சவாரி இல்லை. நான்தான் சண்டை போட்டு இரண்டு பேரையும் கிளப்பினேன். விட்டால் டயர் மாற்றப் போய்விடுவார் என்று நானும் ஏறிக்கொண்டேன். அக்கா அவருக்குப் புதுச் சட்டை தேய்த்து வைத்திருந்தாள்.

மூன்று மணிக்குப் பாறை முனையில் வண்டி நின்றது. அத்தான் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்: "இறங்கிக்கோங்க. சாமானை மறக்காதீங்க. நாலரை மணிக்கு வண்டி இங்கேயே நிற்கும்."

"நீங்க வரலையா?" என்றாள் அக்கா.

"நான் வந்தா வண்டியை யாரு பார்த்துக்கிறது?"

பழக்கதோஷம்தான், வேண்டுமென்றே சொல்லவில்லை. ஆனால் அக்காவின் முகம் வாடிவிட்டது. இறங்கித் தனியாக நடந்தாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"சாவியைக் குடுங்க அத்தான். வண்டியை நான் பார்த்துக்கறேன். இன்னைக்கு நீங்க போகலைன்னா இனிமே அவ கேட்கவே மாட்டா."

பக்கக் கண்ணாடியில் அவள் முதுகு சிறிதாகிக்கொண்டே போனது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவர் சாவியை நீட்டினார். "ஹேண்ட் பிரேக்கைத் தொட்டுடாதே" என்று ஓர் உபதேசம் வேறு. பிறகு ஓடினார். அந்தத் தொந்தியோடு அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை.

அவருடைய இருக்கையில் உட்கார்ந்தேன். எதிரே ஒரு மதில் சுவர். பூச்சு உதிர்ந்து, பாசி படிந்து கிடந்தது. கடலின் சத்தம் மட்டும் கேட்டது. பத்து நிமிடத்தில் சலித்தது. அரை மணியில் கழுத்து வலித்தது. இருபத்திரண்டு வருடமாக இந்த மனுஷன் பார்த்த காட்சி இதுதான். 'தினமும் ஊர் சுத்துற மகராசன்' என்று எத்தனை தடவை கிண்டல் செய்திருப்பேன். பாவம்.

நாலரை ஆயிற்று. ஐந்தும் ஆயிற்று. ஐந்து நிமிடம் பிந்தி வருகிறவர்களை வறுத்தெடுக்கிறவர், ஐந்தே முக்காலுக்கு வந்தார். முழங்கால் வரை பேண்ட் நனைந்திருந்தது. இரண்டு ஜோடிச் செருப்பும் ஒரு கையில், அக்காவின் கை இன்னொரு கையில்.

"நாலரைன்னு சொன்னது யாரு?" என்றேன்.

அத்தான் என் கையிலிருந்து சாவியை வாங்கிக்கொண்டார். ஏறி உட்கார்ந்து, சாவியைப் போடாமல் அந்தச் சுவரையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அக்காவின் பக்கம் திரும்பினார்.

"நாலு நிறம் இருக்கு, இல்ல? இத்தனை வருஷமா மூணுன்னே சொல்லிட்டேன்."