ஆறு நாள் விரதமும் ஏழரை மணி மாத்திரையும்

தொலைபேசி நிலையத்தில் இணைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கும் கொச்சிக்கும் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்த குரல்களை ஒன்றோடொன்று சேர்த்துவிடுவதும், இடையில் காதில் விழுந்ததைக் காதோடு விட்டுவிடுவதும் என் தொழில். அத்தொழில் முடிந்தபின் எனக்கு மிஞ்சியது பதிகம் ஓதுதல் ஒன்றே. காலையில் கோயிலிலும், அந்தி மயங்கியதும் வீட்டுப் பூசையறையிலும் ஓதுவேன்.

எங்கள் தெருவில் குடியிருந்த நாசரேத்துப் பெண் ஒருத்தி மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில் ஆலோசகராக இருந்தாள். எச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொள்பவர்களுக்குப் பரிசோதனைக்கு முன்னும் பின்னும் துணையிருப்பது அவள் பணி. ஒரு நாள் என் வீட்டுக்கு வந்து, "அம்மா, வாய மூடிட்டு இருக்கத் தெரிஞ்ச ஒரு ஆள் எனக்கு வேணும். நம்ம ஊர்ல அது ரொம்ப தட்டுப்பாடு" என்றாள்.

அவள் விளக்கியது எளிதாகப் புரிந்தது. எச்.ஐ.வி. உள்ள கர்ப்பிணி நாள்தோறும் ஒரே நேரத்தில் ஒரு மாத்திரை விழுங்கவேண்டும். தவறாமல் விழுங்கினால் கிருமி இரத்தத்தில் தலைதூக்காது. குழந்தைக்குப் போகாமல் காத்துக்கொள்ளலாம். மாத்திரையை மருத்துவமனை கொடுத்துவிடும். வீட்டில் எவரிடமும் சொல்ல இயலாமல், ஒவ்வொரு நாளும் அதைத் தனியாக விழுங்கும் மனவலிமையை எந்த மருத்துவமனையும் பொட்டலம் கட்டிக் கொடுப்பதற்கில்லை. அதற்காக ஒரு வழியை அவளே கண்டுபிடித்திருந்தாள். மாலை ஏழரைக்கு மாத்திரை இறங்கியதும் அந்தப் பெண் என் கைபேசிக்கு ஒரு மணி அடித்துத் துண்டித்துவிட வேண்டும். பேச்சு வேண்டாம். மறுமுனையில் ஓர் உயிர் காத்திருக்கிறது என்று தெரிந்தால் போதும்.

அப்படி ஆறு பெண்கள் என் பொறுப்பில் வந்தார்கள். விளக்கின் அருகே கைபேசியை வைத்துக்கொண்டு ஓத உட்காருவேன். ஆறு மணிகளும் ஒலித்தபின் பதிகத்தை நிறைவு செய்வேன். சரவணப் பொய்கையில் கிடந்த குழந்தையை எடுத்து வளர்த்தவர்களும் ஆறு பெண்களே என்று எண்ணி உள்ளூரப் பூரித்துக்கொண்டதும் உண்டு. எவருக்கு எப்படி வந்தது என்று நான் ஒருபோதும் கேட்டதில்லை. பேறுகாலத்துக்குத் தாய் வர முடியாத பெண்ணுக்குத் தாயாகவே வந்து நின்ற இறைவன், அவளிடம் வரலாறு கேட்டதாக நான் படித்ததில்லை.

அறுவரில் ஒருத்தி மாப்பிள்ளையூரணியில் வாழ்க்கைப்பட்டவள். உப்புப் பொட்டலம் போடும் கிட்டங்கியில் வேலை. தலைப்பிரசவம். கணவனுக்கு நோய் இல்லை. மனைவிக்கு இருப்பது அவனுக்குத் தெரியும். துறைமுகத்தில் மூட்டை தூக்குபவன், வேலை விட்டு வந்ததும், "போட்டியா?" என்று மட்டும் கேட்பானாம். மாமியாருக்குத் தெரியாது. அது இரத்தம் ஊறுவதற்கான மாத்திரை என்று அந்த அம்மாள் நம்பியிருந்தாள்.

மாதம் ஒரு சனிக்கிழமை மையத்தில் எல்லோரும் கூடுவோம். ஐப்பசியில் நடந்த கூட்டத்தில் நான் கந்த சஷ்டி விரதத்தைப் பற்றி அரைமணி நேரம் பேசினேன். நீர் மட்டும் அருந்தி ஆறு நாள் திருச்செந்தூரில் கிடப்பது என் நெடுநாளைய வழக்கம். ஐம்புலனையும் அடக்கி அவன் வாசலில் கிடந்தால் பிள்ளை வரம் முதல் எதுவும் கிட்டும் என்றேன். முடிவில், "அந்த ஆறு நாளும் நான் மௌனம். போனை அணைச்சு வச்சிருவேன். நீங்க யாரும் மணி அடிக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டேன்.

ஐந்து பெண்கள் நான் சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொண்டார்கள்.

சூரசம்ஹாரம் முடிந்து, மறுநாள் திருக்கல்யாணமும் கண்டு வீடு திரும்பிக் கைபேசியை உயிர்ப்பித்த சிறிது நேரத்தில் மணி ஒலித்தது, நிற்காமல் ஒலித்தது. மாப்பிள்ளையூரணிப் பெண்தான்.

"ஆச்சி, நானும் இருந்துட்டேன்! ஆறு நாளும் பச்சத் தண்ணிதான். எங்க அத்தைக்கு ஒரே பெருமை. நீங்க வேற மணி அடிக்க வேண்டாம்னு சொல்லிட்டியளா, அதான் மாத்திரையும் வாயில போடல. வாயில ஒண்ணு போட்டா விரதம் முறிஞ்சிரும்லா?"

அவள் குரலில் இருந்த மகிழ்ச்சி இன்றும் என் காதில் இருக்கிறது. ஏழாம் மாதம் சுமந்தவள். நான் அவளைக் கடியவில்லை. கடியப்பட வேண்டியவள் நானே என்பது அந்த நொடியில் தெரிந்துவிட்டது. "வையி போனை. ஆலோசகர் உடனே கூப்பிடுவா, அவ சொல்லுறபடி செய்யி" என்று மட்டும் சொன்னேன்.

நான் செய்தியைச் சொன்னதும் ஆலோசகர் முதலில் அந்தப் பெண்ணை அழைத்து, வயிறார உண்ணவும் மாத்திரையை அன்றே தொடரவும் சொன்னாள். அதன்பிறகு என் வீட்டுக்கு வந்தாள். நாற்காலியில் உட்காரவில்லை.

"அம்மா, உங்க சாமி கோவிச்சுக்கிட மாட்டாரு. வைரஸ் கோவிச்சுக்கிடும். ஆறு டோஸ் போயிருச்சு. பிரசவத்துக்கு முன்னால ரத்தத்துல கிருமி எவ்வளவுன்னு, வைரல் லோடு, பார்ப்பாங்க. அது ஏறியிருந்தா பிள்ளைக்குத்தான் கஷ்டம்."

"என் வாயால வந்த வினை. என் வாயாலயே தீர்க்கேன்" என்றேன்.

"தீர்க்கணும். ஏன்னா, இனி செவ்வாக்கிழமை தோறும் விரதம்னு மாமியாரும் மருமகளும் நேர்ந்திருக்காங்க. நான் போய்ச் சொன்னா எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்டுன்னு கேள்வி வரும். நீங்க போனா, கோயில் ஆச்சி வந்திருக்கான்னு விட்டுருவாங்க."

அந்தப் பெண்ணின் சம்மதத்தைக் கேட்டு வாங்கிய பின்பே, அடுத்த செவ்வாய் மாலை மாப்பிள்ளையூரணிக்குப் பேருந்து ஏறினேன். செவ்வாய்தோறும் இரவு பூசை முடியும்வரை உண்ணாதிருப்பது என் வழக்கம்; அன்றும் உண்ணவில்லை.

மாமியார் என்னைக் கோயிலில் பார்த்து அறிந்தவள். பாய் விரித்து உட்காரவைத்தாள். "உங்க பேச்சக் கேட்டுத்தான் ஆச்சி, என் மருமவ இப்பிடித் தெடமா இருந்தா. இன்னைக்கும் காலையில இருந்து ஒண்ணும் தொடல."

"தொடணும்லா. சுமக்குத வயிறு. சோறும் தின்னணும், மாத்திரையும் விடக்கூடாது" என்றேன்.

அந்த அம்மாள் இடுப்பில் கை வைத்தாள். "நல்லாருக்கே கத! நீங்க மட்டும் செந்தூர்ல பட்டினி கெடந்து புண்ணியத்த மூட்ட கட்டிக்கிடுவிய. என் மருமவ கெடந்தா ஆகாதோ?"

அடுக்களை வாசலில் நின்ற மருமகள் சிரிப்பை மறைக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

நான் மனப்பாடமாக வைத்திருக்கும் ஆயிரம் அடிகளில் ஒன்றும் அப்போது எனக்கு உதவவில்லை, உண்மையே உதவியது. பையிலிருந்து என் மாத்திரை அட்டையை எடுத்துப் பாயின்மேல் வைத்தேன். "இது இரத்தக் கொதிப்புக்கு. தெனமும் சாயங்காலம் போடணும். செந்தூர்ல ஆறு நாளும் நானும் போடல. ஆறாம் நாள் கடற்கரையில சூரன் தலை விழும்போது எனக்குத் தலை சுத்தி, பக்கத்துல நின்ன ஒருத்தி மேல சாஞ்சுட்டேன். கூட்டத்து மேல பழியப் போட்டேன். அது பக்தி இல்ல, மடமை. அதத்தான் உன் மருமவகிட்டயும் பெருசாப் பேசிட்டேன்."

அந்த அம்மாள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இன்னைக்கும் நீங்க விரதம்தான?"

"விரதம்தான்."

"அப்போ இன்னைக்குப் போட்டா?"

"போடத்தான் போறேன். மருந்தும் அவன் தந்ததுதான். தள்ளி வச்சாத்தான் கோவிப்பான்."

ஏழரை ஆயிற்று. அந்த அம்மாள் கையால் தண்ணீர் வாங்கி, அவள் பார்க்க என் மாத்திரையை விழுங்கினேன். பின்பு மாமியாரின் குரல் அடுக்களைப் பக்கம் திரும்பியது: "ஏளா, அங்கன நின்னு என்ன பாக்க? உன் மாத்திரையை எடுத்துட்டு வா. மொதல்ல சோத்தப் போட்டுத் தின்னு. ஆச்சியே முழுங்கியாச்சு, நீ என்ன அவியளவிடப் பெரிய பக்தையோ?"

நேர்ந்துகொண்ட செவ்வாய்க்கிழமைகளைத் தானே ஏற்பதாகவும் அந்த அம்மாள் சொன்னாள். அதற்கு நான் மறுப்புச் சொல்லவில்லை. அவள் மாத்திரை எதுவும் உண்பவள் அல்லள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டபிறகே சும்மா இருந்தேன்.

அன்று முதல் முறையை மாற்றினோம். மருமகள் ஒரு மணி அடிப்பாள். நான் என் மாத்திரையை விழுங்கிவிட்டு அவளுக்கு ஒரு மணி அடிப்பேன். பதிகத்தின் நடுவே எழுந்து தண்ணீர் குடிப்பதை முதல் வாரம் தோஷமென்று நினைத்தேன். அடுத்த வாரம் அதுவும் வழிபாட்டின் ஓர் அங்கமாயிற்று. மணி சற்றுத் தாழ்ந்தால், "ஏளா, ஆச்சிக்கு அடிச்சியா?" என்று மாமியார் கேட்பதாக அவள் சொன்னாள்.

பிரசவத்துக்கு முந்தைய மாதம் இரத்தம் எடுத்தார்கள். பதினொரு நாள் கழித்து முடிவு வந்தது. எண்ணிக்கையில் அகப்படாத அளவுக்குக் கிருமி அடங்கியிருக்கிறது என்று ஆலோசகர் சொன்னாள். "தப்பிச்சோம். அடுத்த வருஷம் சஷ்டிக்குப் போகும்போது போனை அணைக்காதீங்க" என்றும் சேர்த்துக்கொண்டாள். அதன்பின் நான் அணைத்ததில்லை. திருச்செந்தூரிலும் இப்போது ஏழரைக்கு மணிகள் ஒலிக்கின்றன.

தை மாதம் பெண் குழந்தை பிறந்தது. ஆறு வாரம் சொட்டு மருந்து கொடுத்தார்கள்; குதிகாலில் குத்தி இரத்தம் எடுத்து அனுப்பினார்கள். முதல் முடிவு நன்றாகவே இருந்தது. ஆயினும் ஒன்றரை வயதில் பார்ப்பதே முடிந்த முடிவு என்று மையத்தில் சொல்லியிருந்தார்கள். அதுவரை நான் கலங்கவில்லை. அந்த ஆறு நாளுக்குப் பின் தாய் ஒரு நாளும் மணி தவறவிடவில்லை என்பது எனக்குத் தெரியும். அந்த மணிகளின்மேல் எனக்கிருந்த நம்பிக்கை உறுதியானது. மாமியாரிடம் அவள் உண்மையைச் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை. சொல்லும் காலத்தை அவள் அறிவாள்.

ஆடி மாதத்தில் ஒரு முற்பகல். நான் பூத்தொடுத்துக்கொண்டிருந்தேன். கைபேசி ஒலித்தது. அது மாத்திரை நேரம் அன்று. ஒரு மணியோடு நிற்கவும் இல்லை.

"ஆச்சி" என்றாள். பின்னால் குழந்தை எதையோ தட்டும் ஓசை கேட்டது. "பிள்ளைக்கு இல்லைன்னு சொல்லிட்டாவ. இனி டெஸ்டே வேண்டாமாம். தாள் என் கையில இருக்கு."

"படி" என்றேன். அவள் எழுத்துக்கூட்டி அந்தத் தாள் முழுவதையும் படித்தாள். முப்பது ஆண்டுகளாக எத்தனையோ செய்திகளைக் கேட்டும் கேளாதவளாக இருந்த நான், இதை மறுபடியும் ஒருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டேன்.

அன்று மாலை விளக்கேற்றிப் பதிகத்தைத் தொடங்கினேன். பிள்ளை தப்பியது, தாய்க்கு மாத்திரை ஆயுள் முழுவதும் உண்டு. ஏழரைக்கு அவளுடைய மணி ஒலித்தது. என் மாத்திரையை விழுங்கிவிட்டுத் திருப்பி அடித்தேன்.