பாட்டு இழுத்த கல்யாணம்

பிள்ளைகளே, பரணில் கிடக்கும் அந்த மரப்பெட்டியைப் பழைய சாமான்காரனிடம் போட்டுவிடலாமா என்று போன வாரம் கேட்டீர்கள். நான் கத்திவிட்டேன். ஏன் கத்தினேன் என்று சொல்லவில்லை. உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வராது என்பதால் எழுதுகிறேன். எட்டாவதோடு நின்றவன் எழுத்து, பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பெட்டிக்குள் ஆறு டார்ச் லைட் பேட்டரிக் கட்டைகள் வரிசையாகப் படுக்க இடமும், வெளியே வரும் இரண்டு கம்பியும் இருக்கின்றன. வேறு ஒன்றும் இல்லை. அதை ஒரு வாரம் முன்னால் செய்திருந்தால் ஒரு பெண்ணின் தலையில் பழி விழுந்திருக்காது. பெட்டி இல்லாமல் போனாலும், அன்றைக்கு நான் வாயைத் திறந்திருந்தால் விழுந்திருக்காது.

நான் சங்கராபுரத்தில் மைக் செட் வைத்திருந்தது உங்களுக்குத் தெரியும். இசைத்தட்டு போடுகிற காலம். கரண்ட் இருக்கும் ஊரில் தொல்லையில்லை. கரண்ட் இல்லாத ஊரில் லாரி பேட்டரி ஒன்றைத் தூக்கிக்கொண்டு போவேன். ஆம்ப்ளிபையரும் அதில்தான் ஓடும், தட்டைச் சுற்றுகிற மோட்டாரும் அதில்தான் ஓடும். இதில்தான் கோளாறு. சத்தத்தைக் கூட்டினால் ஆம்ப்ளிபையர் பேட்டரியை உறிஞ்சிக்கொள்ளும். மோட்டாருக்குக் கம்மியாகிவிடும். தவில் ஒரு அடி பலமாக விழுந்தால் தட்டு ஒரு நொடி தளரும், பாட்டு இழுக்கும். பேட்டரி இறங்க இறங்க இது ஜாஸ்தியாகும்.

எங்கள் கடைக்கு எதிரே எலெக்ட்ரிக் சாமான் விற்ற பாய் என் வயதுக்காரர். அவர் கடையில் கோடு போட்ட வட்டக் காகிதம் ஒன்று வைத்திருந்தார். ட்யூப் லைட் வெளிச்சத்தில் அதைத் தட்டின்மேல் சுற்றவிட்டால், வேகம் சரியாக இருந்தால் கோடுகள் அசையாமல் நிற்பதுபோலத் தெரியும். தப்பாக இருந்தால் கோடுகள் நகரும். ஒருநாள் பேட்டரியில் ஓடிய என் பிளேயரில் போட்டுச் சத்தத்தைக் கூட்டிக் காட்டினார். கோடுகள் பின்பக்கமாக ஓடின.

“மோட்டாருக்குத் தனியா ஒரு சோறு வைப்பா. ஒரே தட்டுல ரெண்டு பேர் தின்னா எளச்சவன் பட்டினிதான் கெடப்பான்” என்றார். ஆறு டார்ச் கட்டை போதும், மோட்டார் குடிப்பது கொஞ்சம்தான் என்றார். ஆகட்டும் என்றேன். கல்யாணப் பாட்டைக் கோடு எண்ணிக்கொண்டா கேட்கிறார்கள் என்று மனசுக்குள் சிரித்தேன். செய்யவில்லை.

இட ஒதுக்கீடு கேட்டு நம் பக்கமெல்லாம் போராட்டம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. மறியல் என்றால் ரோட்டோரப் புளியமரங்கள் குறுக்கே விழுந்துவிடும். நாலைந்து நாள் பஸ் இருக்காது. அப்படி ஒரு மறியலுக்கு நடுவே, மலையடிவாரத்து ஊர் ஒன்றில் கல்யாணம். தேதி வைத்தாயிற்று, தள்ளிப்போட மாப்பிள்ளை வீட்டாருக்கு மனசில்லை. பெண் திருநாவலூர்ப் பக்கம். மாட்டு வண்டியில் உள்வழிகளாகவே இரண்டு நாள் வந்தார்கள். பெண்ணோடு வந்தது அப்பாவும் ஒரு சித்தியும் மட்டும்தான். மேளக்காரர்கள் வரவில்லை. மரம் சாய்ந்ததில் கரண்ட் கம்பியும் அறுந்துபோயிருந்தது.

ஆகவே மேளம் என்றால் என் இசைத்தட்டுதான். முதல்நாள் பெண் அழைப்புக்கே அந்த ஒரு பேட்டரியில் நாலு மணி நேரம் பாட வைத்துவிட்டேன். இன்னொரு பேட்டரி சார்ஜுக்குக் கள்ளக்குறிச்சியில் கிடந்தது. எடுத்துவர வழியில்லை. காலையில் சத்தத்தைத் தாழ்த்தி ஒரே குழாய் ஸ்பீக்கரில் பாடவிட்டேன், நன்றாகவே பாடியது. அப்படியே விட்டிருக்கலாம். மாப்பிள்ளையின் அப்பா வந்து, மேளந்தான் இல்லை, தாலி கட்டும்போது அடுத்த ஊருக்காவது கேட்க வேண்டாமா என்றார். பேட்டரி தாங்காது என்று சொல்லக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. இரண்டாவது குழாயையும் மாட்டினேன்.

கெட்டிமேளம் என்று குரல் கேட்டதும் சத்தத்தை முழுசாகத் திருப்பினேன். நாகஸ்வரம் எழும்பியது. தவில் உருண்டது. அப்படியே இழுக்க ஆரம்பித்தது. நாகஸ்வரத்தின் குரல் தடித்து, கீழே கீழே இறங்கி, சாவு வீட்டில் அழுகிறவர்கள் மூச்சு முட்டி நிறுத்துவார்களே, அப்படிப் போனது. மாப்பிள்ளை இரண்டாவது முடிச்சோடு நிமிர்ந்து பார்த்தான். அட்சதை வைத்திருந்த கைகள் பாதியில் நின்றன.

மாப்பிள்ளையின் அத்தை சொன்னாள், “இன்னாடி இது, மேளம் அழுவுது.”

மாப்பிள்ளையின் அம்மா குழாயைப் பார்க்கவில்லை. பெண்ணைப் பார்த்தாள். பெண் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள்.

நான் அவசரமாகச் சத்தத்தைக் குறைத்தேன். பாட்டு உடனே நிமிர்ந்துகொண்டது. மாப்பிள்ளையின் அப்பா என்னிடம் வந்தார்.

“செட்டுல இன்னாப்பா கோளாறு?”

பந்தலில் ஐந்தாறு ஊர் ஆட்கள் இருந்தார்கள். அவர்கள்தான் அடுத்த கல்யாணங்களுக்கு என்னைக் கூப்பிட வேண்டியவர்கள்.

“செட்டுல ஒண்ணும் இல்லீங்க. காலைலேந்து நல்லாத்தான பாடிக்கினு கீது. தோ, இப்பகூடப் பாருங்க.”

அவர் கேட்டார். நன்றாகத்தான் பாடியது. திரும்பிப் போனார். செட்டு சரி என்றால் தப்பு வேறெங்கோ என்று அர்த்தம். அதை நான்தான் அவர் கையில் எடுத்துக் கொடுத்தேன். பெண்ணின் அப்பா பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அவருக்கு மைக் செட்டைப் பற்றி என்ன தெரியும்?

ஊருக்குத் திரும்பிய வாரமே பாயிடம் போய்ப் பெட்டியைச் செய்தேன். கரண்டில் ஓட்டுவதற்கும் சின்ன டிரான்ஸ்பார்மர் ஒன்றைத் தனிப் பெட்டியில் போட்டு, பிளேயரை விட்டு ஒரு முழம் தள்ளி வைக்கச் சொன்னார். அதுவரை பாட்டுக்கு அடியில் வண்டு போல ஒரு ரீங்காரம் ஓடிக்கொண்டிருந்தது. இத்தனை நாள் அதைப் பாட்டோடு சேர்ந்தது என்றே நினைத்திருந்தேன். தள்ளி வைத்ததும் அது போய்விட்டது. பாடுகிறவர் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. வட்டக் காகிதத்தைப் போட்டுச் சத்தத்தை எவ்வளவு கூட்டியும் கோடுகள் அசையவில்லை. பாய் சந்தோஷப்பட்டார். எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

அடுத்த வருஷம் அதே வீட்டில் மாப்பிள்ளையின் தங்கைக்குக் கல்யாணம். என்னையே கூப்பிட்டார்கள். செட்டில் கோளாறு இல்லை என்றுதான் நம்பியிருந்தார்களே. அதற்குள் அந்த வீட்டில் ஒரு கறவை மாடு செத்திருந்தது, மாமியார் கிணற்றடியில் விழுந்து கை ஒடிந்திருந்தது. எல்லாம் மருமகள் கணக்கில். மேளம் அழுத பொண்ணு என்றுதான் ஊரில் அவளுக்குப் பேர். சீர்த்தட்டு எடுக்கப் பெண்கள் வரிசை நின்றபோது அவளைக் காணோம். பின்கட்டில் அடுப்போடு வைத்திருந்தார்கள்.

அன்றைக்கும் கரண்ட் இல்லை. பெட்டியில் மோட்டார், பேட்டரியில் ஆம்ப்ளிபையர். கெட்டிமேளத்துக்கு இரண்டு குழாயிலும் முழுச் சத்தம் வைத்தேன். பாட்டு நட்ட கல்போல நின்றது. ஒரு இம்மி தளரவில்லை. அட்சதை விழுந்து முடிந்ததும் மாமியார் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

“பாத்தீங்களா? அதே செட்டு, அதே ஆளு, அதே தட்டு. எம் பொண்ணு ராசி அது.”

நான் செய்த நல்ல காரியமே அந்தப் பெண்ணுக்கு எதிராகச் சாட்சி சொன்னது. அந்த இடத்தில் மைக் என் கையில் இருந்தது, பிள்ளைகளே. போன தடவை பேட்டரி இறங்கிப்போச்சுங்க, இந்தப் பெட்டி அப்போது இல்லைங்க என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? ஒரு வருஷமாக மறைத்ததை இப்போது சொன்னால் பொய்யன் என்பார்களே என்று நின்றேன். அடுத்த தட்டை எடுத்து வைத்தேன்.

தண்ணீர் கேட்டுப் பின்கட்டுக்குப் போனேன். அவள்தான் சொம்பைக் கொடுத்தாள். புகையில் கண் சிவந்திருந்தது. நான் குடித்து முடித்ததும் கேட்டாள்.

“அண்ணா, காலைல செட்டு மாட்டசொல்ல பாத்தேன், பிளேயர் பக்கத்துல ஒரு கட்டப்பொட்டி கீதே, அது எங் கல்யாணத்துக்கு எடுத்தாந்தீங்களா?”

“இல்லம்மா. அப்ப அது இல்ல.”

அவள் சொம்பைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். “இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்” என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வெளியே போய்ச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தால் போயிருப்பேனோ என்னவோ. அவள் கேட்கவில்லை. கரண்டியை எடுத்துக்கொண்டு சோற்றுப் பானை பக்கம் திரும்பிவிட்டாள்.

அதற்கப்புறம் எத்தனையோ முறை போக நினைத்தேன். கரியாலூர்ப் பக்கம் வேலைக்குப் போகும்போதெல்லாம் பஸ் அந்த ஊரில் நிற்கும். இறங்கவில்லை. உங்களில் மூத்தவள் பிறந்த பிறகு ஒருநாள், அவளைக் கையில் வைத்திருக்கும்போதே மனசு பொறுக்காமல், மறுநாள் காலையிலேயே இறங்கிவிட்டேன். மாமியார் இறந்து ஆறு மாசம் ஆகியிருந்தது. மகனும் மருமகளும் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டார்களாம், எந்த இடம் என்று யாருக்கும் தெரியவில்லை. மாமனார் மட்டும் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். அவருக்குக் காது மந்தமாகியிருந்தது. எந்தக் கல்யாணம் என்று கேட்டார். மறுபடி சொன்னேன். தலையாட்டினார். புரிந்து ஆட்டினாரா, நான் கத்துகிறேனே என்று ஆட்டினாரா, தெரியவில்லை.

மதியம் கடைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். மோட்டார்க் கம்பியைப் பெட்டியிலிருந்து பிடுங்கிப் பழையபடி, சார்ஜ் இறங்கிக் கிடந்த பேட்டரியில் மாட்டினேன். அதே தட்டை வைத்து, அன்றைக்கு வைத்த அளவு சத்தம் வைத்தேன். அதே இடத்தில் தளர்ந்து இழுக்க ஆரம்பித்தது. அதை ஓடவிட்டபடியே கம்பியைப் பேட்டரியிலிருந்து எடுத்துப் பெட்டியில் சொருகினேன். பாட்டு நிமிர்ந்தது. கடைசிவரை கேட்டேன். ஊசியைத் தூக்கி வைத்தேன், தட்டைத் துடைத்து உறைக்குள் போட்டேன்.