ஜீப்பில் டீசல் ஒழுகிய காலம்

போன வாரம் என் மகள், புதிதாக வாங்கிய பேட்டரி காரில் என்னை ஏற்றிக்கொண்டு ஏற்காடு டவுனைச் சுற்றினாள். டயருக்குக் காற்றுப் பிடிக்க பெட்ரோல் பங்க்கில் நிறுத்தினாள். பக்கத்தில் ஒரு டூரிஸ்ட் வேன் டீசல் போட்டுக்கொண்டிருந்தது. நான் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு மூக்கை வெளியே நீட்டி உட்கார்ந்துகொண்டேன். "ஏம்மா, அந்த நாத்தத்தப் போயி இப்படி இழுக்கறே?" என்றாள். அவளுக்கு என்ன தெரியும்! பிறப்பதற்கு முன்பே என்னோடு சேர்ந்து அந்த நாற்றத்தில் அவதிப்பட்டவள் அவள்தான்.

அப்போது நாங்கள் மஞ்சக்குட்டையில் இருந்தோம். கல்யாணமான புதிது. என் வீட்டுக்காரர் ஒரு பழைய ஜீப்பை வாங்கி, டவுனில் இருக்கிற ஒண்டிக்கடைக்கும் எங்கள் ஊருக்கும் ஷேர் ஓட்டிக்கொண்டிருந்தார். ஆள் உட்கார்ந்தது போக மிச்ச இடத்தில் பலாப்பழம், கொய்யாக் கூடை, சில நாள் ஓர் ஆட்டுக்குட்டியும் வரும். தினமும் காலையில் வண்டியைத் துடைக்கிறபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! என்னைப் பெண் பார்க்க வந்த அன்றுகூட அத்தனை ஆசையாகப் பார்த்திருக்க மாட்டார். எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

டிரைவர் சீட்டு கிழிந்து கம்பி குத்துகிறது, இடுப்பு பிடித்துக்கொள்கிறது என்றார். அம்மா வீட்டிலிருந்து இலவம்பஞ்சு கொண்டுவந்து, என் பழைய கருநீலச் சேலையைக் கிழித்து, ஒரு திண்டு தைத்துக் கொடுத்தேன். தையல் கோணல்மாணல். எனக்கே சிரிப்பு வந்தது. ஆனால் மனுஷர் பழைய சீட்டைத் தூக்கிக் கடாசிவிட்டு அந்த இடத்தில் திண்டைப் போட்டு ராஜா மாதிரி உட்கார்ந்து ஓட்டினார். சாயங்காலமானால் பனியில் நனைந்துவிடும் என்று குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கி வீட்டுக்குள் கொண்டுவந்து வைப்பார்.

அந்தச் சமயத்தில்தான் நான் உண்டானேன். மசக்கை என்றால் சாதாரண மசக்கை இல்லை. காப்பிப் பூ பூத்து மலையே மணக்கும்போது ஊரார் மூச்சை இழுப்பார்கள், நான் மூக்கைப் பொத்துவேன். அதையாவது பொறுத்துக்கொண்டேன். அவர் வாசலில் கால் வைத்ததும் குப்பென்று ஒரு டீசல் நாற்றம் வரும் பாருங்கள், குடல் வாய்க்கு வந்துவிடும். "தள்ளிப் போங்க! தள்ளிப் போங்க!" என்று கத்துவேன். பாவம், சீயக்காய் போட்டுக் குளிப்பார், எலுமிச்சம்பழம் தேய்ப்பார். வாசப்படியில் நின்றுகொண்டு, "இப்ப கிட்ட வரலாமுங்களா?" என்று கேட்பார். கட்டின பெண்டாட்டியிடம் அப்படி 'ங்க' போட்டுக் கேட்டவர் எங்கள் ஊரில் அவர் ஒருவர்தான்.

"வண்டியில எங்கியோ ஒழுகுதுங்க" என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவரும் தேடாமல் இல்லை. வண்டிக்கு அடியில் பேப்பர் விரித்துப் பார்த்தார், ஒரு சொட்டு இல்லை. என் கோலமாவு டப்பாவைத் தூக்கிப்போய் டீசல் பைப் முழுக்கத் தூவினார். ஒழுகினால் மாவு நனையும் அல்லவா? மாவு வெள்ளை வெளேரென்று அப்படியே இருந்தது. கிரீஸ் பட்டுவிடும் என்று திண்டை வீட்டில் வைத்துவிட்டு, சேலத்துக்கு இறங்கி மெக்கானிக்கிடமும் காட்டினார். அந்த ஆள் சிரித்தானாம். "வண்டி நல்லாத்தான் இருக்குங்க. உங்க சம்சாரத்துக்குத்தான் மசக்கை." ஜீப்பில் வருகிற காய்க்காரம்மாவும் விடவில்லை. "டீசல் வண்டியில டீசல் வாசம் வராம மல்லியப்பூவா கண்ணு மணக்கும்?"

எனக்கோ பச்சைத் தண்ணீர்கூட நிற்கவில்லை. இப்படியே போனால் குழந்தைக்கு ஆகாது, பிரசவம்வரைக்கும் மலைக்குக் கீழே அம்மா வீட்டில் போய் இரு என்று நர்சம்மா கண்டித்துவிட்டார். மறுநாள் அவர் ஜீப்பை விற்க ஆள் பார்த்துவிட்டு வந்து நின்றார். ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துப்போவார்களாம், இவர் எஸ்டேட் லாரிக்குக் கூலி டிரைவராகப் போவாராம். "வண்டி போனா போகுது புள்ள. நீ கீழ போயிட்டா நான் யாருக்காக ஓட்டறது?" என்றார். நான் அழுதுவிட்டேன். அந்த ஜீப் அவருக்கு என்னவென்று எனக்குத் தெரியாதா?

சனிக்கிழமை, முந்தானையில் ஓர் எலுமிச்சம்பழத்தை முடிந்துகொண்டு, "நானும் வர்றேனுங்க" என்று ஏறி உட்கார்ந்தேன். டவுனில் டேங்க்கை நிரப்பினார். ஆள் ஏறியது, வண்டி நகர்ந்தது. சமதரையில் ஒன்றும் இல்லை. மேடு ஏற ஆரம்பித்தது, வந்தது பாருங்கள் நாற்றம்! "நிறுத்துங்க!" என்றேன். பின்னால் இருந்தவர்கள் இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்தார்கள். நான் வாந்தியை அடக்கிக்கொண்டு வேட்டை நாய்போல மோந்தேன். என்ஜின் பக்கம் இல்லை, பைப் பக்கம் இல்லை. டிரைவர் பக்கம் வந்ததும் தலை சுற்றியது.

"எந்திரிங்க."

எழுந்தார். திண்டின் பின்பக்கத்தை அழுத்தினேன். மஞ்சளாக டீசல் கசிந்தது.

அந்தக் கால ஜீப்புக்கு டேங்க் டிரைவர் சீட்டுக்கு அடியில். அதன் மேல்மூடியின் வாஷர் பின்பக்கம் வெடித்திருந்தது. டேங்க் நிறைந்து, வண்டி மேட்டில் நிமிர்ந்தால் மட்டும் கசியும். கசிந்ததையெல்லாம் கீழே ஒரு சொட்டு விடாமல் என் இலவம்பஞ்சு குடித்துவிட்டது, கருநீலத் துணியில் கறையும் தெரியவில்லை. போதாக்குறைக்கு அதைத்தான் மனுஷர் தினமும் பத்திரமாக வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்திருக்கிறார்!

காய்க்காரம்மா கூடையை இறக்கிவைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. "நீ நொம்ப ஆசையாத் தெச்ச திண்டு, உன்னையே ஊட்ட உட்டுத் தொரத்தப் பாத்துருக்குது சாமி!" துணி சோப்பைக் குழைத்து மூடியில் அப்பி வீடு வந்து சேர்ந்தோம். ஞாயிற்றுக்கிழமை வந்த ஆளுக்குக் காப்பி மட்டும்தான் கிடைத்தது.

திண்டைத் தூக்கி எறியச் சொன்னேன், மாட்டேன் என்றுவிட்டார். கொட்டகையில் தொங்கவிட்டார். மகள் பிறந்த மழைக்காலத்தில் விறகெல்லாம் ஈரம். அந்தப் பஞ்சில் ஒரு சிட்டிகை கிள்ளி வைத்தால் வெந்நீர் அடுப்பு பக்கென்று பிடித்துக்கொள்ளும். அவள் குளித்து வளர்ந்ததெல்லாம் அந்தத் திண்டு எரிந்த வெந்நீரில்தான். கிள்ளிக் கிள்ளி அது தீர்ந்தே போனது.

ஜீப்பும் ஒரு நாள் பழைய இரும்புக்குப் போனது. வண்டி போன பிறகும் அவர் வாசப்படியில் நின்று "இப்ப கிட்ட வரலாமுங்களா?" என்று கேட்பதை விடவில்லை. தலை நரைத்த பிறகும், பேரன் முன்னாலும் கேட்பார். நானும் வேண்டுமென்றே "தள்ளிப் போங்க" என்பேன். அவர் போய் இரண்டு வருஷமாகிறது. கேட்க ஆளில்லாமல் வாசப்படி சும்மா கிடக்கிறது.

மகளின் கார் நல்ல கார்தான். சத்தமில்லை, புகையில்லை, ஒழுகுவதற்கும் அதில் ஒன்றுமில்லை. காற்றுப் பிடித்துவிட்டு வந்து, "போலாமாம்மா?" என்றாள். "கொஞ்சம் இரு கண்ணு" என்றேன். வேனிலிருந்து வாசம் வந்துகொண்டே இருந்தது. வாங்க, கிட்ட வாங்க என்று வாய்க்குள்ளேயே சொன்னேன். வேன்காரன் மூடியைத் திருகிவிட்டுக் கிளம்பிப் போனான்.