பருந்து நாற்பத்திரண்டு, கோழி ஒன்று

போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு டாக்டர் கழுத்தில் பைனாகுலரைத் தொங்கவிட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"அண்ணே, பார்க்குல பருந்தெல்லாம் கடல் தாண்டி வருதாம். பேர்ட் வாட்சிங் போலாம், வாங்க லா!"

"வேணாம் டாக்டர். அதுக்கு ஒருதடவை அறை வாங்கியாச்சு" என்றேன். மனிதர் சிரித்தார். நானும் சிரித்தேன் — இப்போது சிரிக்கலாம்...

ஜப்பான்காரன் எங்கள் ஊரைப் பிடித்து ஆண்ட சண்டைக் காலம். காஜா பெராங்கில் எங்கள் வீடு. மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு. என் மனைவி மரகதம் ஏழு மாதக் கர்ப்பிணி. அவளுக்குக் கிடைத்த ஒரே சத்து, எங்களிடம் இருந்த ஒரே கோழி இடும் முட்டை. சிப்பாய்கள் கண்ணில் கோழி பட்டால் அன்றோடு சரி. அதனால் கூடை போட்டு மூடி, மேலே சாக்கைப் போர்த்தி வைத்திருந்தோம்.

இந்த லட்சணத்தில் எனக்கொரு பைத்தியம். மார்ச் மாதம் சுமத்திராவிலிருந்து பருந்துகள் கூட்டங்கூட்டமாகக் கடல் தாண்டி வடக்கே போகும். திடலில் நின்று எண்ணி, நோட்டில் குறித்துக்கொள்வேன். ஊரே அரிசிக்கு அலையும்போது இவனுக்கு இது தேவையா என்பீர்கள். பருந்து பார்க்க ரேஷன் கூப்பன் வேண்டாமே, சார்!

அன்று நாற்பத்திரண்டு. அண்ணாந்தபடியே நடந்தவன் எதிரே வந்த சிப்பாயைக் கவனிக்கவில்லை. அவர்கள் கட்டளைப்படி குனிந்து வணங்கவும் இல்லை. விட்டான் ஓர் அறை! கண்ணில் பொறி பறந்தது. அதை மட்டும் எண்ணவில்லை.

நோட்டைப் பிடுங்கிப் பார்த்தான். பக்கமெல்லாம் எண்கள். உளவாளி என்று முடிவு கட்டினால் தலை போய்விடும். நல்லவேளை, ஆபீசில் கட்டாய ஜப்பானிய வகுப்பு வைத்திருந்தார்கள். பறவைக்கு 'தோரி' என்று படித்திருந்தேன்.

"தோரி! தோரி!" என்று அலறினேன்.

அவன் முகம் மலர்ந்துவிட்டது. அடடா, என் மொழிப் புலமை!

வாத்தியார் ஒன்றைச் சொல்லித்தர மறந்துவிட்டார். அவர்கள் பாஷையில் கோழிக்கும் அதே 'தோரி'தான். சிப்பாய்க்கும் பசிதானே? நாற்பத்திரண்டு கோழி என்று எடுத்துக்கொண்டான்.

"தோக்கோ?" என்றான். எங்கே என்கிறான். வானத்தைக் காட்டினேன். பாவிப் பருந்து ஒன்றுகூட இல்லை! துப்பாக்கி முனையில் என்னை வீட்டுக்கே நடத்திப் போனான்.

மரகதம் கூடைக்கு முன்னால் நின்றுகொண்டாள். அவன் அடுப்படி வரை தேடினான். ஒன்றும் அகப்படவில்லை. வாசல்படி இறங்கிவிட்டான்.

அந்த நேரம் பார்த்துக் கோழி முட்டையிட்டது. இட்டுவிட்டுச் சும்மா இருக்குமா? தெருவுக்கே கேட்கும்படி கொக்கரித்தது...

கோழியைத் தலைகீழாகத் தூக்கிக்கொண்டு, நோட்டை வீசி எறிந்துவிட்டுப் போனான். மரகதம் சூடு ஆறாத முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

"வானத்துல போற நாப்பத்திரெண்ட எண்ணத் தெரியுது. வீட்டுல இருந்த ஒண்ணக் காப்பாத்தத் தெரியல!" என்றாள்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு நோட்டை எடுத்தாள். பருந்துக் கணக்குக்குக் கீழே அவளே எழுதினாள்:

'கோழி — 1. போன திசை: ஜப்பான்காரன் முகாம். அடுத்த மார்ச்சில் திரும்பாது.'