அக்கா ஊன்ற விடாத கால்

பொங்கல் முடிந்த கையோடு அருப்புக்கோட்டையில் ஓர் எலும்பு டாக்டரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். கால் உடைந்தது எனக்கல்ல... என் மச்சானுக்கு, அக்காவின் கணவருக்கு.

நரிக்குடிப் பக்கம் அவருக்கு ஆடும் கொஞ்சம் நிலமும். தீவன மூட்டையோடு டூவீலர் சறுக்கி, முழங்காலுக்குக் கீழே முறிவு. டாக்டர் உள்ளே கம்பி வைத்து, "வாக்கரப் பிடிச்சு, கால ஊணி நடக்கணும்" என்று சொல்லித்தான் அனுப்பினார். எல்லோரும் தலையாட்டினோம்.

ஊரில் விடுவார்களா? கால் உடைந்தவரைப் பார்க்க வருகிறவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை — ஆட்டுக்காலோடுதான் வருவார்கள். மச்சான் எழுந்திருக்கப் பார்த்தாலே, "ஏ, அவுகள உக்காரச் சொல்லுங்கப்பா!" என்று நாலு பேர் தோளை அமுக்குவார்கள். அக்கா வாக்கரைப் பரணில் போட்டுவிட்டாள். பாத்ரூமுக்குக்கூட நாற்காலியோடு தூக்கிப் போனோம். ஒரு பக்கம் பிடித்தது நான்.

பொங்கல் கழிந்து எடுத்த அடுத்த எக்ஸ்ரேயில் முறிவு அப்படியே இருந்தது. "இப்பிடியே போனா திரும்ப ஆபரேஷன்தான். இடுப்பெலும்புல கொஞ்சம் எடுத்து இங்க வைக்கணும்" என்றார் டாக்டர்.

அக்கா அழுதே விட்டாள். "நேரந்தவறாம சூப்பு குடுத்தேன் சார்... ஏன் கூடல?"

"குடுங்கம்மா, வேணாங்கல. கல்லும் மண்ணும் வந்து இறங்கிட்டா வீடு எந்திரிச்சிருமா? வேலைய ஆரம்பிங்கனு கொத்தனாருக்குச் சொல்லணும்ல?"

பிறகு பொறுமையாக விளக்கினார். எலும்பைக் கட்டுவதற்கென்றே செல்கள் இருக்கின்றன. எலும்புக்குள் பதிந்திருக்கும் வேறு செல்கள் அவற்றுக்குத் தகவல் அனுப்பும். காலில் பாரம் விழாவிட்டால், ஸ்க்லெரோஸ்டின் என்ற புரதம் கூடி, 'கட்டாதே' என்று சொல்லும். பாரம் விழுந்தால் அது குறையும். 'கட்டு' என்று சொல்லும் மூலக்கூறுகளின் கை ஓங்கும். கடைசியில் என் பக்கம் திரும்பி, "நீங்களுமா சேந்து தூக்கிட்டுத் திரிஞ்சீங்க?" என்று ஒரு பிடி பிடித்தார்.

அடப்பாவமே! பாசம் பாசம் என்று நாங்கள் இத்தனை நாளும் அனுப்பியது 'கட்டாதே' தகவலா? ஒருவரை அன்பாலேயே முடக்கிப்போட எங்கள் ஆட்களை மிஞ்ச ஆளில்லை.

வீட்டுக்கு வந்ததும் வாக்கர் பரணிலிருந்து இறங்கியது. மச்சான் காலை ஊன்றியபோது அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வலிக்குதாங்க?"

"வலிக்காம என்ன... நடக்கேன், விடு."

நான் கையை நீட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன். இன்னொரு தடவை விழுந்துவிட்டால்?

விழவில்லை. போன வாரம் எடுத்த எக்ஸ்ரேயில் முறிவைச் சுற்றி வெள்ளையாகப் புது எலும்பு தெரிந்தது. "ஆபரேஷன் வேணாம். இன்னும் நடங்க" என்றார் டாக்டர். அப்பாடா! அக்கா அங்கேயே கையெடுத்துக் கும்பிட்டாள்.

நேற்று மச்சான் போனில் புலம்பினார்: "மாப்ள, உங்கக்காகிட்ட நீங்களாவது சொல்லுங்க... செத்த நேரம் உக்கார விடமாட்டேங்குறா!"